எண்ணிட்ட அறைகள்

கும்பகோணத்தில் என் பெரியப்பா மகன் ஓர் அச்சகம் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கடைக்குப் பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி என்று அந்தத் தெருவின் நல்லது கெட்டது எல்லாம் அவருடைய லேப்டாப் வழியாகத்தான் போகும். 2012இல் வாங்கியது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக அதன் பொத்தானை அழுத்துவார். பிறகு வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார், பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்து ஊதுவத்தி கொளுத்துவார், எதிர்க்கடையில் நின்று டீ குடிப்பார். திரும்பி வந்தால் திரையில் விண்டோஸ் வந்திருக்கும். வந்ததுபோல் ஒரு பாவனைதான். மவுஸைத் தொட்டால் அசையாது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். ஒருநாள் செல்போனில் நேரம் பிடித்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து பேஜ்மேக்கரைத் திறந்து முதல் எழுத்தை அடிக்கும்வரை ஆறு நிமிடம் நாற்பது நொடி.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமேண்ணே" என்றேன்.

"வாங்கலாம் தம்பி. இதுல இருக்கற ஃபாண்ட்டு எல்லாம் அதுல வருமா?"

நியாயமான கேள்வி. யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஆளுக்கொரு விதமாகத் தமிழை அடைத்துவைத்த எழுத்துருக்கள் அந்த லேப்டாப்பில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றை அடிக்க ஒரு விசைப்பலகை மென்பொருள். அதன் சிடி எப்போதோ காணாமல் போய்விட்டது. பத்து வருடத்துப் பத்திரிகை மாதிரிகள் அத்தனையும் அந்த எழுத்துருக்களை நம்பி நின்றன. சர்வீஸ் கடையில் கேட்டால் "ஃபார்மேட் அடிச்சு புது ஓஎஸ் போட்டுடலாம் சார்" என்பார்கள். அது எளிய வழி, பல நேரங்களில் நல்ல வழியும்கூட. அண்ணனுக்கு அது சரிப்படாது. இருக்கிற விண்டோஸ் 7ஐ ஒரு எழுத்துரு குறையாமல் தூக்கி, வேகமான ஒரு எஸ்எஸ்டியில் வைக்க வேண்டும். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்க இரண்டு வாரம் இருந்தது.

அந்த ஆறு நிமிடம் நாற்பது நொடியில் கணினி என்ன செய்துகொண்டிருந்தது? பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தது.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் மூடிக்குள் கண்ணாடிபோல் மின்னும் தட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். அகலம் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 5,400 சுற்று. அந்தக் கணக்கில் தட்டின் விளிம்பு மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஊருக்குள் அந்த வேகத்தில் பைக் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். தட்டின்மேல் படாமல், சில நானோமீட்டர் இடைவெளியில், ஒரு நீண்ட கையின் நுனியில் மிதக்கிறது படிக்கும் தலை. ஏதாவது ஒரு தகவல் வேண்டுமென்றால் அந்தக் கை தட்டின் குறுக்கே நகர்ந்து சரியான வட்டத்தின்மேல் நிற்க வேண்டும். சராசரியாக 12 மில்லிநொடி. பிறகு, வேண்டிய இடம் சுற்றிக்கொண்டு தலைக்குக் கீழே வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 11 மில்லிநொடி என்பதால் சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, ஐந்தரை. ஆக மொத்தம் சுமார் 17 மில்லிநொடி.

கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். ஆனால் கணினியின் செயலிக்கு நம் கண்ணோ நம் இமையோ கணக்கில்லை. அண்ணனின் லேப்டாப்பில் இருப்பது நொடிக்கு 250 கோடி முறை துடிக்கும் செயலி. அதன் ஒரு துடிப்பை நம்முடைய ஒரு நொடியாக நீட்டிப் பாருங்கள். 17 மில்லிநொடி என்பது ஒரு வருடம் நான்கு மாதமாகிவிடும். ஒரு குமாஸ்தா "அந்த ஃபைலை எடுத்து வாப்பா" என்று பதிவறைக்கு ஆள் அனுப்புகிறார். ஆள் ஒரு வருடம் நான்கு மாதம் கழித்து ஒரு தாளோடு வருகிறார். அதைப் படித்து முடித்ததும் அடுத்த ஃபைலுக்கு மறுபடி அனுப்புகிறார். (இப்படி நடக்கும் அலுவலகங்கள் வாசகருக்குத் தெரிந்திருக்கலாம். கணினியில் இது உவமை மட்டுமே.)

இதை இன்னொரு கணக்காகவும் பார்க்கலாம். ஒரு தேடலுக்கு 17 மில்லிநொடி என்றால் நொடிக்கு அறுபது தேடல்கூடத் தேறாது. ஒவ்வொரு தேடலிலும் 4 கேபி அளவுள்ள ஒரு துண்டை எடுத்தால் நொடிக்குக் கிடைப்பது 240 கேபி. அதே டிஸ்க், தலையை அலைய விடாமல் வரிசையாகப் படிக்கவிட்டால் நொடிக்கு 100 எம்பி கொடுக்கும். ஒரே டிஸ்க்குதான், கேட்கிற விதத்தைப் பொறுத்து நானூறு மடங்கு வித்தியாசம். டிஸ்க் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகம் இரண்டாவது வகை. ஓஎஸ் எழுந்து நிற்கும்போது நடப்பதோ பெரும்பாலும் முதல் வகை. இங்கே ஒரு டிரைவர், அங்கே ஓர் எழுத்துரு, ரெஜிஸ்ட்ரியில் ஒரு மூலை, எப்போதோ நிறுவி மறந்த பிரின்டரின் உதவிக் கோப்பு என்று ஆயிரக்கணக்கான சில்லறைத் துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும். பத்தாயிரம் துண்டு என்று வைத்துக்கொண்டால் 170 நொடி, மூன்று நிமிடத்துக்குப் பத்து நொடிதான் குறைவு. விண்டோஸை எழுதியவர்களுக்கும் இது தெரியும். 2001இல் வந்த எக்ஸ்பியிலிருந்தே, எந்தத் துண்டு எப்போது தேவைப்படும் என்று குறித்துவைத்து முன்கூட்டியே படிக்கும் ஏற்பாடு உண்டு. அண்ணனின் டிஸ்க் பத்து வருடச் சிதறலில் அந்த ஏற்பாட்டையும் தோற்கடித்திருந்தது.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது வரலாறுதான். உலகின் முதல் வணிக ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் 1956இல் வெளியிட்டது. கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆய்வகத்தில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் உருவானது. 24 அங்குல விட்டத்தில் ஐம்பது தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. நிமிடத்துக்கு 1,200 சுற்று. அண்ணனின் லேப்டாப்பில் இருந்த 500 ஜிபி டிஸ்க்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொள்ளளவு ஒரு லட்சம் மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. சுற்றும் வேகம் நாலரை மடங்கு. உலோகத்தையும் கண்ணாடியையும் வேகமாகச் சுழற்றினால் சூடு, சத்தம், அதிர்வு, பேட்டரிச் செலவு என்று எல்லாம் கூடும். காந்தப் புள்ளிகளைச் சிறிதாக்கிக்கொண்டே போக முடிந்தது. சுழற்சியை அப்படி விரட்ட முடியவில்லை.

எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. உள்ளே இருப்பது ஃப்ளாஷ் சில்லுகள். அவற்றின் அடிப்படை உறுப்பு, மின்சாரம் கடத்தாத சுவரால் நாலாபுறமும் அடைக்கப்பட்ட ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவில் எலக்ட்ரான்களை அடைத்துவைத்தால் ஒரு மதிப்பு, வெளியேற்றினால் இன்னொன்று. இந்த யோசனையை 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே என்ற இருவர் முன்வைத்தார்கள். சுவர்தான் கடத்தாதே, எலக்ட்ரான் எப்படி உள்ளே போகும்? சுவர் போதிய அளவு மெல்லியதாகவும், மின்னழுத்தம் போதிய அளவு வலுவாகவும் இருந்தால் குவாண்டம் இயற்பியலின்படி சில எலக்ட்ரான்கள் சுவரின் அந்தப் பக்கம் தோன்றிவிடும். அழுத்தத்தை எடுத்துவிட்டால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கரண்ட் போனாலும் வருடக்கணக்கில் இருக்கும்.

இதைப் பெரிய அளவில் பயன்படுத்த வழி கண்டவர் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா. ஒவ்வொரு தீவையும் தனித்தனியாக அழிப்பதற்குப் பதில் ஒரு பெரிய கூட்டத்தை மொத்தமாக அழித்தால் இடமும் செலவும் மிச்சம் என்றார். 1984இல் அவர் அதை வெளியிட்டார். மொத்தமாக அழிவதைப் பார்த்த அவருடைய சகா ஷோஜி அரிஸூமிக்குக் கேமராவின் ஃப்ளாஷ் ஞாபகம் வந்ததாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று நம் எஸ்எஸ்டி, பென் டிரைவ், செல்போன் எல்லாவற்றிலும் இருப்பது 1987இல் அவர் குழு அறிவித்த நேண்ட் வகை.

நேண்ட் சில்லில் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கும் தூரம் ஒன்றுதான். கை நகர வேண்டாம், தட்டு சுற்றிவர வேண்டாம். ஒரு துண்டைக் கேட்டால் சுமார் 0.1 மில்லிநொடியில் வந்துவிடும். நம் குமாஸ்தாவின் கணக்கில் ஏறக்குறைய மூன்று நாள். பத்தாயிரம் துண்டுக்கு ஒரு நொடி.

வேலைக்கு வருவோம். ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குப் படியெடுப்பதுபோல ஓஎஸ்ஸின் கோப்புகளை இழுத்துப் போட்டுவிட முடியாது. பலர் அப்படி முயன்றிருக்கிறார்கள். எல்லாக் கோப்பும் போய்ச் சேரும், கணினி எழாது. ஏனென்றால் எழும் நேரத்தில் கணினிக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டும்.

எந்த டிஸ்க்கும் தன்னை வெளியுலகுக்கு ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்துகொள்கிறது. நான் ஒரு நீண்ட சத்திரம், என்னிடம் வரிசையாக எண்ணிட்ட அறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் வழக்கமாக 512 பைட் கொள்ளும், எண்ணைச் சொன்னால் உள்ளே இருப்பதைத் தருவேன். அண்ணனின் 500 ஜிபி டிஸ்க்கில் அறைகள் 97,67,73,168. நான் வாங்கிப்போன 240 ஜிபி எஸ்எஸ்டியில் 46,88,62,128. பழைய சத்திரத்தின் அறை ஒவ்வொன்றிலும் இருப்பதைப் புதிய சத்திரத்தில் அதே எண்ணுள்ள அறையில் வைத்துவிட்டால் ஓஎஸ்ஸுக்கு இடம் மாறியதே தெரியாது. க்ளோன் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் பழைய சத்திரம் இரண்டு மடங்கு பெரியது. உள்ளே இருந்த சரக்கு என்னவோ 130 ஜிபிதான். அதையெல்லாம் முன்பக்கத்து அறைகளுக்கு நெருக்கி, 'சி' பகுதியின் எல்லைச்சுவரை 240 ஜிபிக்குள் இழுத்து வைக்க வேண்டும். விண்டோஸிலேயே அதற்கு வழி இருக்கிறது. போய்க் கேட்டால், பாதிக்குமேல் குறுக்க முடியாது என்றது. நடுவழியில் மூன்று பேர் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்: மெமரி போதாதபோது இரவல் இடமாகப் பயன்படும் பேஜ் கோப்பு, லேப்டாப் உறங்கும்போது மெமரியை அப்படியே இறக்கிவைக்கும் கோப்பு, பழைய நிலைக்குத் திரும்புவதற்கான சேமிப்புப் புள்ளிகள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இவர்களை நகர்த்தாது. மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை அணைத்துப் போட்டு, மறுபடி கேட்டபோது சுவர் நகர்ந்தது. இதற்கே ஒரு முற்பகல் போனது. அண்ணன் நடுநடுவே வந்து எட்டிப் பார்த்து "ஃபாண்ட்டு இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஓடும் ஓஎஸ் தன்னைத் தானே படியெடுப்பது சங்கடம். எடுக்கிற நேரத்திலேயே அது நூறு கோப்புகளை மாற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கணத்தின் நிலையை உறையவைத்துப் படியெடுக்கும் உத்தி விண்டோஸில் உண்டுதான். எனக்குப் பழைய முறையே பிடிக்கும். பென் டிரைவில் இருந்த ஒரு லினக்ஸை எழுப்பி, விண்டோஸ் அசையாமல் கிடக்கும்போது நகலெடுத்தேன். லினக்ஸில் இதற்கு யூனிக்ஸ் காலத்து டிடி என்ற கட்டளை உண்டு. எதிலிருந்து, எதற்கு என்று இரண்டே விவரம் கேட்கும். மாற்றிச் சொன்னால் மறுகேள்வி கேட்காமல் வெற்று டிஸ்க்கை உங்கள் பத்து வருடத்தின்மேல் எழுதிவிடும். அந்த இரண்டு எழுத்துக்கும் 'டிஸ்க் டெஸ்ட்ராயர்' என்று விரிவு சொல்லிச் சிரிப்பார்கள் அனுபவப்பட்டவர்கள். எது பழையது எது புதியது என்று நான் பெயரைப் பார்த்து நம்புவதில்லை. அறைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பேன். 97 கோடியிலிருந்து 46 கோடிக்கு. இரண்டு முறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் என்டரைத் தட்டினேன்.

எஸ்எஸ்டி யூஎஸ்பி 2.0 கம்பியில் தொங்கியது. நொடிக்கு 30 எம்பி. 130 ஜிபிக்கு ஒன்றேகால் மணி நேரம். அந்த ஒன்றேகால் மணி நேரமும் ஒரு விஷயம் காதில் விழவில்லை. தினமும் காலையில் ஆறு நிமிடத்துக்குமேல் கரகரவென்று அரைக்கும் அந்த டிஸ்க், இப்போது தன்னிடம் இருப்பது மொத்தத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது சத்தமே போடவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுழலும் மெல்லிய அதிர்வு மட்டும் இருந்தது. அறைகளை வரிசையாகத் திறந்துகொண்டு போனால் கைக்கு அலைச்சல் இல்லை. அத்தனை வருடம் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்த கரகரப்பு, தேடலின் சத்தம்.

நகல் முடிந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, பழையதை உருவி எஸ்எஸ்டியைச் செருகினேன். பொத்தானை அழுத்தினார் அண்ணன். கறுப்புத் திரை. இயங்குதளத்தைக் காணவில்லை என்று ஒரு வரி.

தப்பு என்னுடையதுதான். 'சி' பகுதியை மட்டும் நகலெடுத்திருந்தேன். விண்டோஸ் அங்கேதானே இருக்கிறது என்ற மிதப்பு.

அந்தக் கணினி எழும் வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் என் அசட்டுத்தனம் புரியும். கரண்ட் வந்ததும் விழிப்பது மதர்போர்டில் உள்ள பயாஸ். டிஸ்க்கைப் பற்றி அதற்குத் தெரிந்தது ஒரே சங்கதி: முதல் அறையைத் திறந்து அதில் உள்ளதை ஓடவிடு. இந்த ஏற்பாடு 1983இல், ஐபிஎம்மின் பிசி எக்ஸ்டியில் இருந்த 10 எம்பி டிஸ்க்குக்காக, பிசி டாஸ் 2.0 கொண்டுவந்தது. அந்த 512 பைட் அறையில் இன்றும் 440 பைட்தான் நிரலுக்கு. தமிழ் யூனிகோடில் ஒரு குறிக்கு 3 பைட் என்று வைத்தால், இந்தப் பத்தியின் முதல் மூன்று வாக்கியம்கூட அதில் அடங்காது. அடுத்த 4 பைட் டிஸ்க்கின் கையெழுத்து, அதாவது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் விண்டோஸ் வைத்துக்கொள்ளும் அடையாள எண். இரண்டு பைட் இடைவெளி. பிறகு 64 பைட்டில் ஓர் அட்டவணை: எந்தப் பகுதி எந்த அறையில் தொடங்குகிறது, எத்தனை அறை நீளம். நான்கு பகுதிக்கு மேல் அதில் இடமில்லை. கடைசி இரண்டு பைட் முத்திரை.

அந்தச் சின்ன நிரல் அட்டவணையைப் பார்த்து, 'செயலில் உள்ளது' என்று குறியிட்ட பகுதியின் முதல் அறைக்குப் போகும். அங்கிருக்கும் நிரல் இன்னும் கொஞ்சம் பெரிய நிரலைக் கூப்பிடும். அது ஒரு குறிப்பேட்டைத் திறந்து விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று படிக்கும். நூலைப் பிடித்துக் கயிற்றை இழுத்து, கயிற்றைப் பிடித்து வடத்தை இழுப்பதுபோல. விண்டோஸ் 7இல் அந்தக் கயிறும் குறிப்பேடும் 'சி'யில் இருப்பதில்லை. அதற்கு முன்னால் ஒளிந்திருக்கும் 100 எம்பி அளவுள்ள ஒரு தனிப் பகுதியில் இருக்கும். அதற்கு எழுத்துப் பெயர்கூடக் கிடையாது என்பதால் நாம் பார்ப்பதே இல்லை. நான் வடத்தை மட்டும் கொண்டுவந்து போட்டுவிட்டு, நூலையும் கயிற்றையும் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

திருகாணிகளை மறுபடி கழற்றினேன். முதல் அறை, 100 எம்பி பகுதி, 'சி' மூன்றையும் அதே அதே எண்களில் வைத்தேன். இரண்டாவது முறை அழுத்தியபோது விண்டோஸ் கொடி பறந்தது. பேஜ்மேக்கரில் முதல் எழுத்துக்கு 48 நொடி. அதே செயலி, அதே 4 ஜிபி மெமரி. அண்ணன் நேரே எழுத்துருப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஸ்எஸ்டி தன்னிடம் எண்ணிட்ட அறைகள் வரிசையாக இருப்பதாகச் சொன்னதே, அது சுத்தப் பாசாங்கு.

நேண்ட் சில்லில் எழுதிய இடத்தின்மேல் மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியை மொத்தமாக. மசுவோகா மிச்சப்படுத்திய செலவுக்கு நாம் கொடுக்கும் விலை அது. போதாததற்கு, ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் சுவர் கொஞ்சம் தேயும். ஒரு தீவில் மூன்று பிட் அடைக்கும் இன்றைய வகையில் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் அழிப்புவரை தாங்கும். விண்டோஸோ ஒரே குறிப்பேட்டின் ஒரே அறையில் ஒருநாளைக்கே ஆயிரம் முறை எழுதக்கூடியது. சொன்ன இடத்திலேயே எழுதினால் சில நாளில் அந்த இடம் செத்துவிடும்.

அதனால் எஸ்எஸ்டிக்குள் ஒரு குட்டிக் கணினி உட்கார்ந்து பொய்க்கணக்கு எழுதுகிறது. 2048ஆம் அறையில் இதை வை என்று ஓஎஸ் சொன்னால் சரி என்று வாங்கி, அந்த நேரத்தில் அழித்துத் தயாராக உள்ள ஏதோ ஓர் இடத்தில் வைத்துவிட்டு, 'இப்போதைக்கு 2048 என்பது இதுதான்' என்று தன் பேரேட்டில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அதே அறைக்கு எழுதச் சொன்னால் இன்னோர் இடம், பேரேட்டில் ஒரு திருத்தம். தேய்மானத்தைச் சமமாகப் பகிர, தொடாமல் கிடக்கும் சரக்கையும் நமக்குத் தெரியாமல் அவ்வப்போது இடம் மாற்றும். நான் அத்தனை கவனமாக அதே அதே எண்களில் வைத்தேனே, உள்ளே எந்த எண்ணும் அதனதன் இடத்தில் இல்லை.

ஹார்ட் டிஸ்க்குகளும் அரிச்சந்திரர்கள் அல்ல. ஆரம்பத்தில் ஓஎஸ் டிஸ்க்கிடம் எத்தனையாவது உருளை, எந்தத் தலை, எத்தனையாவது துண்டு என்று உடலைத் தொட்டே விலாசம் சொல்லும். தட்டின் வெளிவட்டம் உள்வட்டத்தைவிட நீளம் என்பதால் அங்கே அதிகத் துண்டுகளை வைக்கத் தொடங்கியதும் அந்த விலாசம் பொருந்தாமல் போயிற்று. டிஸ்க்குகள் பழைய பாணியில் ஒரு கற்பனை விலாசத்தைக் காட்டிக்கொண்டு உள்ளே மொழிபெயர்த்துக்கொண்டன. 1990களில் அந்த நாடகத்தையும் விட்டுவிட்டு வெறும் வரிசை எண்ணுக்கு வந்தார்கள். அந்த எண்ணைத்தான் எஸ்எஸ்டி இரவல் வாங்கியிருக்கிறது. தட்டும் கையும் உள்ள இயந்திரத்துக்காக எழுதிய ஓஎஸ், தட்டும் கையும் இல்லாத ஒன்றில் தன்னை மாற்றிக்கொள்ளாமல் குடியேற முடிவது இந்தப் பாசாங்கின் தயவில்தான்.

பாசாங்கு கிழியும் இடங்களும் உண்டு. ஒரு கோப்பை அழித்தால் ஓஎஸ் தன் பட்டியலில் மட்டும் அடித்துவிடும். ஹார்ட் டிஸ்க்கிடம் சொல்லவேண்டிய அவசியம் இருந்ததில்லை. எஸ்எஸ்டிக்குச் சொல்லாவிட்டால் செத்த கோப்பையெல்லாம் உயிருள்ளதாக நினைத்துச் சுமந்து இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். 'இந்த அறைகள் இனி வேண்டாம்' என்று தெரிவிக்கும் ட்ரிம் கட்டளை இதற்காக வந்தது. 2009இல் வெளியான விண்டோஸ் 7க்கு அது தெரியும், எக்ஸ்பிக்குத் தெரியாது. எக்ஸ்பியில் இன்னொரு வில்லங்கம். அது முதல் பகுதியை 63ஆம் அறையில் தொடங்கும், பழைய உருளைக் கணக்கின் மிச்சம். 63ஐ எட்டால் வகுத்தால் மீதி வரும். விளைவாக ஓஎஸ்ஸின் ஒவ்வொரு 4 கேபி துண்டும் ஃப்ளாஷின் இரண்டு பக்கங்களில் கால் வைத்து நிற்கும். ஒரு வேலைக்கு இரண்டு வேலை. எக்ஸ்பி டிஸ்க்கை அப்படியே க்ளோன் எடுத்து எஸ்எஸ்டியில் வைத்தவர்கள் இந்தக் கோணலையும் சேர்த்தே குடியேற்றினார்கள். விண்டோஸ் 7 தொடங்குவது 2048இல், சரியாக ஒரு எம்பி தள்ளி.

அண்ணனின் லேப்டாப்பைவிடப் புதிய கணினிகளில் என்விஎம்இ என்ற குட்டிப் பலகை எஸ்எஸ்டி இருக்கும். நான் போட்டது நொடிக்கு 550 எம்பி. அது 3,500 போகும். தினசரி அலுவல் வேலையில் அந்த ஆறு மடங்கு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்பது என் அனுபவம். ஒரு வருடம் நான்கு மாதத்தை மூன்று நாளாக்கியதுதான் பெரிய மாற்றம். பழைய எஸ்எஸ்டியிலிருந்து அதற்கு க்ளோன் எடுத்தால் விண்டோஸ் நீலத்திரை காட்டிப் படுத்துவிடுவதும் உண்டு. எழும்போது தேவைப்படும் டிரைவர்களில் என்விஎம்இக்கானது சேராமல் இருந்திருக்கும். சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பினால் பல நேரம் சரியாகிவிடும். விண்டோஸ் 7க்கு அந்த டிரைவரே கூடப் பிறக்கவில்லை. பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

ஒரு மாதம் பழைய டிஸ்க்கைத் தொடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கச் சொன்னேன். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்தபின் போனேன். அண்ணன் அதில் பழைய வேலைகளைச் சேமித்துவைக்க விரும்பினார். யூஎஸ்பி கம்பியில் மாட்டினேன். சுழலும் சத்தம் கேட்டது, ஆனால் எழுத்துப் பெயர் வரவில்லை. டிஸ்க் நிர்வாகத் திரையைத் திறந்தால் 'ஆஃப்லைன்' என்று சிவப்பு அம்புக்குறி. காரணம், கையெழுத்து மோதல். ஒரே கையெழுத்தோடு இரண்டு டிஸ்க் எதிரே நின்றால் எது யார் என்று விண்டோஸுக்குத் தெரியாது. 'ஆன்லைன்' என்று சொடுக்கினேன். ஓசைப்படாமல் பழைய டிஸ்க்கின் முதல் அறையில் ஒரு புதுக் கையெழுத்தை எழுதிவிட்டு, அதற்கு ஓர் எழுத்துப் பெயர் கொடுத்தது.

ஒரு குறுகுறுப்பு. லேப்டாப்பை மறுபடி திறந்து, பழைய டிஸ்க்கைப் பழைய இடத்தில் செருகி எழுப்பிப் பார்த்தேன். நூல் வந்தது, கயிறு வந்தது. கயிறு தன் குறிப்பேட்டைத் திறந்து, விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பழைய கையெழுத்தை வைத்துத் தேடியது. அப்படி ஒரு டிஸ்க் இல்லை. தேவையான சாதனத்தை அணுக முடியவில்லை என்று திரையில் எழுதிவிட்டு நின்றது. 130 ஜிபியும் அங்கேயே இருந்தது, அண்ணனின் எழுத்துருக்கள் அத்தனையோடும். மாறியிருந்தது நான்கு பைட்.